சுவரில் ஒரு சிலுவை

சாதிச் சான்றிதழ் வழக்குகளைப் பற்றி ஜூனியர்கள் கேட்டால், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்து வைத்த ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். தென்மாவட்டத்துப் பெண் மருத்துவர் ஒருவர், இந்துப் பள்ளர் என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்றவர், கணவர் கிறிஸ்தவர். விசாரிக்கப் போன அதிகாரிகள் கிளினிக் சுவரில் சிலுவையைப் பார்த்தார்கள். 2013-இல் சான்றிதழ் ரத்தாயிற்று. குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவதாலேயே ஒருவர் பிறந்த மதத்தைக் கைவிட்டதாகிவிடாது என்று சொல்லி, அதிகாரிகளின் குறுகிய மனதையும் கண்டித்து, தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு அந்த உத்தரவை நீக்கியது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த புதுச்சேரி வழக்கு இதற்கு நேர்மாறானது. ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் சர்ச்சுக்குப் போய்வந்த பெண், அரசு வேலைக்காகத் தன்னை இந்து என்றார். உள்ளத்தில் நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது தீர்ப்பு. இருந்த சாட்சியத்துக்கு முடிவு சரிதான். ஆனால் 1960-களிலேயே அதே நீதிமன்றம், ஒருவர் எந்த மதத்தவர் என்பதற்கு அவர் ஊரறியச் சொல்வதே அளவுகோல் என்று வகுத்திருந்தது. நெஞ்சுக்குள் இருப்பதைக் குறுக்கு விசாரணை செய்ய எந்த வக்கீலுக்கும் தெரியாது, எனக்கும்தான்.

ஞாயிறு பைபிளோடும், திங்கள் தாலுகா ஆபீஸில் ‘இந்து’ என்ற விண்ணப்பத்தோடும் நிற்பவரை வேஷக்காரர் என்று சபையாரே பழிக்கலாம். அந்த வேஷத்தைத் தைத்துக் கொடுத்தது, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராக ஏற்காத 1950 பட்டியல் சாதி ஆணையின் மூன்றாம் பத்தி. அது 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் இடம் விட்டது. கிறிஸ்தவத் தலித்துக்கு விடவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகிறார். சாதியோ ஞானஸ்நானத் தண்ணீரில் கரைவதில்லை. தனிக் கல்லறை வைத்திருக்கும் பங்குகளைக் கேட்டால் தெரியும்.

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காடு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. சேர்வராயன் மலையின் மலையாளிகள் பழங்குடியினர். பழங்குடிப் பட்டியலில் மத நிபந்தனை கிடையாது. காப்பி எஸ்டேட்டில் ஒன்றாகப் பழம் பறித்து, ஒரே சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காரும் இருவரில், மலையாளி பொய் சொல்லத் தேவையில்லை. கீழ்நாட்டிலிருந்து வந்த தலித் சொன்னால்தான் பிள்ளைக்குச் சலுகை. முன்னவர் அதிக யோக்கியர் என்பதாலா இது? ஏற்காடு தொகுதியில் கிறிஸ்தவப் பழங்குடியினர் தேர்தலில் நிற்கலாம். அதே மாவட்டத்தின் கெங்கவல்லியில் கிறிஸ்தவத் தலித் நின்றால் வேட்புமனு செல்லாது.

மூன்றாம் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது 2004-இல். இருபது ஆண்டு கடந்தும் அதற்குத் தீர்ப்பு வரவில்லை.