வரையாட்டின் வீட்டு வாசலில்

இரவிகுளம் தேசீய வனத்தைப் பார்த்து வரவேண்டுமென்று நாம் முதல் தடவை புறப்பட்டது ஒரு பிப்ரவரி மாதத்தில். தாராபுரத்து மிராசுதாரரான நண்பர் ஒருவரும் உடன் வந்தார். உடுமலைப்பேட்டையில் இட்டிலியையும் காப்பியையும் முடித்துக்கொண்டு, சின்னாறுக் காட்டைத் தாண்டி, மறையூர் வழியாக வளைந்து வளைந்து மலையேறி, இராஜமலைச் சோதனைச் சாவடியை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது.

"வரையாடு குட்டி போடுகிற சமயம். இப்போது யாரையும் விடுவதில்லை" என்றார் காவலர்.

நண்பருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஓர் ஆட்டின் பிரசவத்துக்காக மனிதர்களைத் திருப்பி அனுப்புவதா என்று வாதாடினார். காவலர் அமைதியாக, "உங்கள் வீட்டில் பிரசவம் நடக்கும்போது ஊரெல்லாம் கூடி வந்து எட்டிப் பார்த்தால் விடுவீர்களா, ஐயா?" என்று கேட்டார். நண்பரிடம் பதில் இல்லை. நாமும் வாயை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். தவறு நம்முடையதுதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த வனத்தைச் சாத்திவிடுவது வழக்கம் என்பதை விசாரித்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். நேயர்களாவது விசாரித்துக்கொண்டு போவார்களாக!

இரண்டாம் முறை கார்த்திகையில் போனோம். இந்தத் தடவை கதவு திறந்திருந்தது. சொந்த மோட்டார்களைக் கீழேயே நிறுத்திவிட வேண்டும்; வன இலாகாவின் பஸ்தான் மேலே கொண்டுபோய் விடுகிறது. ஒரு பக்கம், சீப்பால் வாரி விட்டாற்போன்ற தேயிலைச் சரிவு. மறுபக்கம், மழைநீர் வழிந்து வழிந்து கறுத்துப்போன மொட்டைப் பாறைகள். பஸ்ஸை விட்டு இறங்கியதும், போர்வையைத் தாண்டிக்கொண்டு வந்து எலும்பைத் தொட்டது காற்று. அதற்கு மேல் நடைதான். பாதை நல்ல பாதை; வயது முதிர்ந்தவர்களும் நிதானமாக நடக்கலாம். ஆனால் காலையில் முதல் பஸ்ஸிலேயே போய்விடுவது உத்தமம். பொழுது ஏற ஏற மேகமும் கூட்டமும் சேர்ந்தே வருகின்றன.

வரையாட்டைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம். அது நமக்கு முன்னாலேயே பாதையோரத்தில் வந்து நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. 'வரை' என்றால் மலை, மலையின் ஆடு. சாம்பல் நிறப் பெட்டைகளும் குட்டிகளுமாக ஒரு மந்தை. சற்று உயரத்தில், முதுகில் வெளிறிய சேணம் போட்டதுபோல் திட்டு விழுந்த கிழக் கடா ஒன்று, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இந்த ஜீவன் இல்லை. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 2025-இல் எடுத்த கணக்கிலே மொத்தம் 2,600க்குச் சற்று மேல்தான் தேறியது. இவற்றில் மிகப் பெரிய கூட்டம் வசிப்பது இந்த 97 சதுர கிலோமீட்டருக்குள்ளேதான்.

நண்பர் அன்பு மிகுதியால் மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். உடனே எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்டது. பழம் மறுபடியும் மடிக்குள் போயிற்று. துப்பாக்கிக்குத் தப்பிய பிராணி நமது தின்பண்டத்தினால் கெட்டுப்போனால் அதைவிடப் பரிதாபம் உண்டோ?

துப்பாக்கி என்று சும்மா சொல்லவில்லை. இந்த மலைகளை 1877-இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்கு வாங்கினார். பிறகு காடு தேயிலைத் தோட்டமாயிற்று. எஞ்சிய உச்சிப் புல்வெளியைத் துரைமார் தங்கள் வேட்டைக்காக ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். வேட்டைக்கென்று ஒரு சங்கம் வைத்து, மலைவாசிகளான முதுவர்களையே காவலுக்கு அமர்த்தி, மற்றவர்கள் சுடாதபடி பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் சுடுவதற்காக அவர்கள் காத்தது, கடைசியில் ஆட்டுக்கே அனுகூலமாய் முடிந்தது. இதை ஒப்புக்கொள்ள நமக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை உண்மைதானே? கேரள அரசாங்கம் 1971-இல் சட்டம் செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-இல் இது சரணாலயமாகி, 1978-இல் தேசீய வனமாயிற்று.

பாதை முடியுமிடத்தில் நிமிர்ந்து பார்த்தால் ஆனைமுடி. உயரம் 8,842 அடி. இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதற்கு மேற்பட்ட சிகரம் கிடையாது. முதன் முதலில் இதில் ஏறியவர் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி என்றும், வருஷம் 1862 என்றும் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாய் இந்த மலைகளில் தேன் எடுத்து வந்த முதுவர்கள் ஏறியதில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்களிடம் நாட்குறிப்பு இல்லை, அவ்வளவுதான்! நம்மைப் போன்ற பிரயாணிகளுக்கு இப்போது சிகரத்தின்மேல் ஏற அனுமதி இல்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

சரிவுகளில் குறிஞ்சிச் செடிகள் பச்சையாக, யாரும் திரும்பிப் பாராதபடி நின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலையெல்லாம் நீலமாய்ப் பூத்து, விதையைச் சிந்திவிட்டு மடிந்துபோகும் செடி அது. 2006-இல் பூத்தது; 2018-இலும் பூத்தது. அந்த ஆகஸ்டு வெள்ளத்தில் பாதைகளெல்லாம் இடிந்து போனபடியால் பார்க்க நினைத்த பலர் வர முடியவில்லை. அதற்காகப் பூ காத்திருக்குமா? அடுத்த முறை 2030-இல்.

திரும்பும்போது மறையூர்ச் சாலையில் லக்கம் அருவியில் இறங்கினோம். இராஜமலைக்கு வருகிறவர்களில் பலர் இதைப் பாராமலே மூணாறுக்குத் திரும்பிவிடுகிறார்கள், பாவம்! சோலைக்குள்ளிருந்து வெள்ளையாய் விழும் அந்தத் தண்ணீர் பனிபோல் சில்லிடுகிறது. உச்சியிலுள்ள புல்வெளி மழையையும் மூடுபனியையும் குடித்து வைத்துக்கொண்டு, மடிப்புக்களில் ஒளிந்திருக்கும் சோலைகளின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இந்த வனத்தின் மேற்குச் சரிவில் விழும் துளி பெரியாற்றோடு போய் அரபிக் கடலில் கலக்கும். லக்கத்துத் தண்ணீரோ பாம்பாற்றில் சேர்ந்து கிழக்கே இறங்குகிறது.

"பாம்பாறு எங்கே போகிறது?" என்று நண்பர் கேட்டார்.

"அமராவதிக்கு."

அவர் சற்று நேரம் பேசவில்லை. தாராபுரத்தில் அவருடைய வயல் அமராவதிப் பாசனம். செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாறைமேல் மெல்ல இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

வண்டியில் ஏறிய பிறகு, "அந்தக் காவலரிடம் அன்றைக்கு நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், இல்லையா?" என்றார். உடுமலைப்பேட்டை வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.