ஸ்டீல் ஸ்கேலில் ஒரு தராசு

பிப்ரவரி 3

சலைன் பாட்டில் தீரும் முன் மணியடிக்க வேண்டும். அதுதான் எங்கள் புராஜெக்ட். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்கு அது பெரிய உதவி. பாட்டிலின் எடையை அளக்க ரெடிமேடு லோடு செல் வாங்கி மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். கைடு சார் விடவில்லை. “உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாம எடையைக் காட்டி என்னப்பா பண்ணப்போறீங்க?” நியாயமான கேள்வி. ரிச்சி தெருவில், நீளும்போது தடை மாறும் 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் இரண்டு வாங்கி வந்தோம்.

பிப்ரவரி 5

கணக்கு போட்ட பிறகுதான் இதன் நுணுக்கம் பிடிபட்டது. 25 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனமுள்ள ஸ்டீல் ஸ்கேலின் ஒரு முனையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குகிறோம். ஸ்கேலின் மேல்பக்கம் ஒரு கேஜ், அடிப்பக்கம் ஒரு கேஜ். கேஜிலிருந்து 10 செ.மீ. தள்ளி அரைக் கிலோவைத் தொங்கவிட்டால், கேஜ் இருக்கும் இடத்தில் எஃகு 10 லட்சத்தில் ஏறக்குறைய 590 பங்கு நீளும். கேஜின் தடை மாறுவதோ வெறும் 0.4 ஓம், மல்டிமீட்டரின் வயருக்கே அவ்வளவு தடை இருக்கும்! இந்தச் சிறு மாற்றத்தை மின்னழுத்தமாகப் பிடித்துத் தருவது வீட்ஸ்டன் பாலம். 1833-இல் கிறிஸ்டி கண்டது, வீட்ஸ்டன் 1843-இல் பரப்பியது. இரண்டு கேஜும் சேர்ந்து 5 வோல்ட்டில் தருவது 3 மில்லிவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆர்டுயினோ ஊனோவில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசிக்கு ஒரு படியே கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். அதனால்தான் 24 பிட் ஏடிசி சிப்பான ஹெச்எக்ஸ்711 தேவைப்படுகிறது.

பிப்ரவரி 8

இன்று முழுக்க ஒட்டும் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, செல்லோடேப்பில் கேஜை எடுத்து, கோடு பார்த்து வைத்து, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டுக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பசைக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் எஃகு நீள்வது கேஜுக்குத் தெரியாது. 1938-இல் அமெரிக்காவில் சிம்மன்ஸும் ரூஜும் தனித்தனியாகக் கண்டடைந்ததும் கம்பியை உலோகத்தோடு ஒட்டும் இந்த வித்தைதான். கோடிங்குக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது மாணவர்கள் இதற்குக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 9

மேல் கேஜை மட்டும் இணைத்துப் பார்த்தோம். ஃபேன் போட்டதும் எடை தானாக நகர்ந்தது. அடிப்பக்கக் கேஜையும் இணைத்ததும் நின்றுவிட்டது. ஸ்கேல் வளையும்போது மேல்பக்கம் நீளும், கீழ்ப்பக்கம் சுருங்கும். பாலத்தில் இரண்டும் கூடிக்கொள்கின்றன. சூடோ குளிரோ இரண்டையும் ஒரேபோல் தொடுவதால் கழிந்துபோகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பிப்ரவரி 12

மளிகைக் கடை அண்ணனிடம் முத்திரை போட்ட எடைக்கற்கள் இரவல். 50, 100, 200, 500 கிராம் என்று வைத்துக் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன. பிறகு காலிப் பாட்டிலின் எடையைக் கழித்துவிட்டு, தண்ணீர் நிரப்பிச் சொட்டவிட்டோம். 20 சொட்டுக்கு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 60 சொட்டு என்றால் 3 கிராம் குறைய வேண்டும். குறைந்தது! 50 மில்லி மிச்சமிருக்கும்போது மணி அடித்தது.

ஆனால் பாட்டிலைக் கையால் லேசாகத் தூக்கினாலும் அடிக்கிறது. எடை தொடர்ந்து பத்து விநாடி குறைவாகவே இருந்தால் மட்டும் அடிக்கும்படி நாளைக்கு மாற்றணும்.