ஊசியும் ஊர்வாயும்

மனநோய்க்கு மருந்து எடுக்கும் சகோதரிகளின் வீடுகளுக்குப் போகும்போது என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊசி உடம்புக்குள்ள போய் என்னதான் செய்யுது, மிஸ்?" என்பதே அது.

நான் சமூகவியல் படித்தவள். விஞ்ஞானப் பாடம் எனக்குச் சாதாரண தரத்தோடு முடிந்துவிட்டது. குடும்பம், சமூகம், பெண்ணின் நிலை என்று எவ்வளவோ பேசுவேன். ஆனால் கை ஏன் நடுங்குகிறது, மாதவிடாய் ஏன் நின்றது என்று ஒரு பெண் கேட்டால் நான் படித்த பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆகவே வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் மிக மெல்லிய கொழுப்புப் படை ஒன்று மூடியிருக்கிறது. அதுவே கலமென்சவ்வு. அது மதில் போல இறுகியதல்ல. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைப் போல இளகியது. அதில் பல வகைப் புரதங்கள் பதிந்தும் அசைந்தும் இருக்கின்றன. அவற்றுள் சில, வெளியிலிருந்து வரும் இரசாயனச் செய்தியை வாங்கிக் கலத்தின் உள்ளே சொல்கின்றன. அவற்றுக்கு வாங்கிகள் என்று பெயர்.

மூளையின் நரம்புக் கலங்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று டோப்பமின். அதற்கு டி1 முதல் டி5 வரை ஐந்து வகை வாங்கிகள் உண்டு. தையல் நூல் துணிக்குள் புகுந்து வெளிவருவது போல, ஒவ்வொரு வாங்கியும் மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவி நிற்கிறது. டோப்பமின் வந்து பொருந்தியதும் வாங்கியின் உட்பக்கம் வடிவம் மாறுகிறது. டி1, டி5 ஆகியவை கலத்தினுள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்திப் பொருளைக் கூட்டுகின்றன. டி2, டி3, டி4 அதையே குறைக்கின்றன.

இந்த வாங்கிகள் எப்போதும் தனித்து நிற்பதில்லை. அயலில் உள்ள வேறு வாங்கிகளோடு சோடி சேர்வதும் உண்டு. டி2 வாங்கியோடு அடினோசின் என்ற பொருளின் வாங்கி ஒன்று சேர்ந்து நிற்கும். அடினோசின் அதில் பொருந்தினால், பக்கத்திலிருக்கும் டி2 வாங்கி டோப்பமினைப் பிடிக்கும் பிடி தளர்ந்துவிடும். நாங்கள் குடிக்கும் தேத்தண்ணியிலுள்ள கபீன் அந்த அடினோசின் வாங்கியை மறைத்துவிடுகிறது. தேத்தண்ணி குடித்ததும் ஓர் உசார் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அயல் வீட்டில் நடப்பது எங்கள் வீட்டையும் பாதிப்பது போலத்தான்.

இனி மருந்துக்கு வருவோம். இல்லாத குரல்கள் கேட்பது, காரணமில்லாத பயமும் சந்தேகமும் வருவது போன்றவற்றுக்குத் தரப்படும் ஹலோபெரிடோல், புளூபெனசின், றிஸ்பெரிடோன் முதலியவை டி2 வாங்கிகளில் போய் அமர்ந்து அவற்றை மறைக்கின்றன. இதனால் குரல்கள் குறைகின்றன. ஆனால் டி2 வாங்கிகள் ஓரிடத்தில் மட்டும் இருப்பவை அல்ல. உடல் அசைவைச் சீராக்கும் மூளைப் பகுதியிலும் அவை உண்டு. அங்கே டோப்பமினின் வேலை தடைப்பட்டால் உடல் இறுகும், கை நடுங்கும். அசைவுக்கு டோப்பமின் தேவை என்பதை 1950களின் பிற்பகுதியில் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் காட்டினார். அவருக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

மூளையின் அடியில் இருக்கும் கபச் சுரப்பியிலும் டி2 வாங்கிகள் உண்டு. பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் என்ற ஓமோன் அங்கிருந்துதான் வருகிறது. டோப்பமின் அதை அடக்கி வைத்திருக்கிறது. மருந்து அந்த வாங்கிகளை மறைத்தால் புரோலக்டின் கூடும். மாதவிடாய் ஒழுங்கு தவறும், அல்லது நின்றுவிடும். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் பால் கசியலாம்.

இது வைத்தியத்தில் ஒரு பக்கவிளைவு. எங்கள் ஊர்களில் இதுவே வேறு கதையாகிவிடுகிறது. வன்னிக் கிராமம் ஒன்றில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். 2009இல் கணவரைத் தொலைத்தவர். மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு, தோட்டம் செய்து, மாமியாரையும் பார்த்துவந்தார். மாமியார் என்னைத் தனியே அழைத்தார்.

"பிள்ளை, இவளுக்கு நாலு மாசமா மாதச் சுகயீனம் வரேல்லை. பால் மாதிரியும் கசியுது. சனம் என்ன கதைக்குதெண்டு உமக்குத் தெரியும்தானே?"

மருமகளோ என் முகத்தைப் பாராமலே சொன்னார். "நான் ஊசியை விட்டிட்டன், மிஸ். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டெண்டாலும் இருப்பன். இந்தக் கதையளைக் கேக்க ஏலாது."

எத்தனை பெரிய பாரம் அந்தச் சொற்களில்! இருவரையும் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கர்ப்பம் இல்லை என்று பரிசோதனை காட்டியது. இரத்தத்தில் புரோலக்டின் கூடியிருந்தது. வைத்தியர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். சில மாதங்களில் மாதவிடாய் திரும்பியது. அதன்பின் கிணற்றடியில் கதை வந்தபோது, "அது மருந்தால வாறது, டொக்டரே சொன்னவர்" என்று பதில் சொன்னவர் அந்த மாமியார்தான்.

மருந்தின் அளவும் முக்கியமானது. மூளையைப் படம்பிடித்துச் செய்த ஆய்வுகளின்படி, டி2 வாங்கிகளில் ஏறத்தாழ 65 வீதம் மறைக்கப்படும்போது பலன் தெரியத் தொடங்குகிறது. 80 வீதத்தைத் தாண்டினால் இறுக்கமும் நடுக்கமும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ பல வேளைகளில் இடமுண்டு. ஆனால் அதை வைத்தியர்தான் செய்ய வேண்டும். நீண்ட காலம் மறைக்கப்பட்ட கலம், அதை ஈடுசெய்ய வாங்கிகளைக் கூடுதலாக உண்டாக்கக்கூடும். அந்த நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னதைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

சகோதரிகளே, மாதவிடாய் தவறினால், பால் கசிந்தால், உடல் இறுகினால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். எந்தத் திகதியில் தொடங்கியது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாயின் தாதியிடம் சொல்லுங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் பரிசோதனை அவசியம்.

மருந்து எடுக்காத சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அயலில் ஒரு பெண்ணைப் பற்றி இப்படியொரு கதை எழுந்தால், அதை மற்றவருக்குக் கடத்தும் முன் ஒரு கணம் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்சவ்வில் நடக்கும் காரியத்துக்கு அவளது ஒழுக்கத்தைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். குரல்களோடு போராடி மீண்டு வந்தவளை எங்கள் குரல்கள் மறுபடி வீழ்த்தக்கூடாது.