அரைக்கால் சுற்று

பாரிஸிலிருந்து கிழக்கே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் எபெர்னே. அதற்குத் தெற்கே நீளும் சரிவில் கிரமான், அவீஸ், ஓஜே என்று வரிசையாகச் சின்ன ஊர்கள், ஏறக்குறைய எல்லா நிலத்திலும் ஷார்டொனே திராட்சை. கொடிக்கு அடியில் கொஞ்சம் தோண்டினாலே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்துவிடுகிறது. மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு வறண்ட மாதங்களில் வேருக்குக் கொடுப்பது அந்தக் கல்தான். அதையே குடைந்து நிலவறையாக்கி, விளைந்ததை அதற்குள் சேமிக்கிறார்கள். சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தாங்களே ஷாம்பெயின் செய்யும் ஒரு குடும்பத்தின் நிலவறைக்குள் என்னை அழைத்துப் போனார்கள். மேலே நல்ல வெயில். கீழே ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரிதான்.

இறங்கும்போதே சத்தம் கேட்டது, கண்ணாடி மரத்தில் உரசும் கடகடப்பு. முக்கோணமாகச் சாய்த்து நிறுத்திய மரப்பலகைகள், அவற்றின் துளைகளில் கழுத்தைச் செருகிய பாட்டில்கள். வயதான ஒருவர் இரு கைகளாலும் இரண்டிரண்டாகப் பிடித்து, லேசாக உலுக்கி, அரைக்கால் சுற்று திருப்பிவிட்டு அடுத்த இரண்டுக்கு நகர்கிறார். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் ஒரு வெள்ளைக் கோடு. எவ்வளவு திரும்பியது என்பதற்கு அதுதான் கணக்கு. அவர் கோட்டைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கைதேர்ந்தவர் ஒரு நாளில் 40,000 பாட்டில்கள் வரை திருப்புவார்.

ஷாம்பெயின் இரண்டாம் முறை நொதிப்பது பாட்டிலுக்குள். அடைக்கும்போது லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள். சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் விடுகிற கரியமில வாயுவுக்கு வெளியேற வழியில்லை, ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. உள்ளே 6 வளிமண்டல அழுத்தம். கண்ணாடி அவ்வளவு தடிமனாக இருப்பது அதனால்தான். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து வண்டலாகிறது. ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின்கூட குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் கிடக்க வேண்டும், ஆண்டு குறித்ததென்றால் மூன்று வருடங்கள். சுட்ட ரொட்டியின் மணமும் வறுத்த பாதாமின் மணமும் அந்த வண்டலோடு கிடந்த காலத்தில் வருபவை. மணத்தைக் கொடுத்த வண்டலை, நுரையை இழக்காமல் வெளியே எடுக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் திருப்பல். ஐந்தாறு வாரங்களில் பாட்டில் மெல்ல மெல்லத் தலைகீழாகி, வண்டல் முழுவதும் கழுத்துக்கு வந்து சேரும். 27 வயதில் கணவரை இழந்து அவரது ஷாம்பெயின் நிறுவனத்தை ஏற்று நடத்திய பார்ப்-நிக்கோல் கிளிக்கோவின் நிலவறையில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான முறை இது.

இன்று பெரும்பாலான பாட்டில்களை இயந்திரக் கூண்டுதான் திருப்புகிறது. ஒரே கூண்டில் 504 பாட்டில்கள், ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் சுவை கெட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டல் அதே சுத்தத்தோடு இறங்குகிறது. அந்தப் பெரியவரின் மணிக்கட்டையும் தோளையும் பார்த்த பிறகு, கூண்டு வந்தது நல்லதற்கே என்றுதான் பட்டது. கைவேலையை நாம் மதிக்கலாம். அதற்காக ஒருவர் வாழ்நாளெல்லாம் குளிரில் நின்று மூட்டைத் தேய்க்க வேண்டும் என்று கேட்க முடியாது.

அடுத்த அறையில் வண்டல் நீக்குகிறார்கள். தலைகீழான கழுத்தை மைனஸ் 27 டிகிரி கரைசலில் முக்கினால் வண்டல் பனிக்கட்டியாக உறைகிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். காலியான இடத்தில் சர்க்கரை கரைத்த ஒயினைக் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். எந்த உணவோடு எந்த ஷாம்பெயின் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தச் சிறு அளவில் இருக்கிறது. லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, சர்க்கரையே சேர்க்காததென்றால் ‘ப்ரூட் நாச்சூர்’. 12 கிராமுக்கு உட்பட்டது ‘ப்ரூட்’. 32 முதல் 50 கிராம் வரை ‘டெமி-செக்’.

மதியம் சமையலறை மேசையில் அந்த வீட்டு அம்மா இதைச் சாப்பாட்டோடு விளக்கினார். குறுகிய நீளக் கோப்பை எதுவும் மேசையில் இல்லை, வயிறு அகன்ற ஒயின் கோப்பைதான். மணம் எழ இடம் வேண்டுமாம். முதலில் பச்சைச் சிப்பியும் சர்க்கரை சேர்க்காத ஷார்டொனேயும். சிப்பியின் கடலுப்பு, ஒயினின் கூர்மையான புளிப்பை மட்டுப்படுத்தியது. அடுத்து, அந்த வட்டாரத்துக்கே உரிய ஷவூர்ஸ் பாலாடைக்கட்டி. வெண்ணெய்போல் நாக்கில் படியும் அந்தக் கொழுப்பை ஒவ்வொரு மடக்கிலும் குமிழி வழித்தெடுத்தது. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குக்கும் இதே கணக்குதான்.

பிறகு, சர்க்கரைப் பாகில் ஊறிய பேரிக்காய்த் துண்டு ஒன்றைக் கொடுத்து, ப்ரூட்டைக் குடிக்கச் சொன்னார். ஒயின் சப்பென்று ஆகி, வெறும் புளிப்பும் கசப்புமே மிஞ்சியது. டெமி-செக் ஊற்றினார், இரண்டும் சரியாகச் சேர்ந்தன. உலகமெங்கும் பிறந்தநாள் கேக்கோடு ப்ரூட்டைத் திறக்கிறார்கள். இத்தனை வருடம் காத்திருந்து செய்ததை அப்படிக் குடிப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கடைசியாக பொத்தே வந்தது. பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே பானையில் வெந்த சாப்பாடு. திராட்சை பறிக்க வருபவர்களுக்கென்று சமைத்துவந்தது அது. அதற்கு, கறுப்புத் திராட்சையான பினோ நுவார் கூடுதலாகச் சேர்ந்த, உடல் கனத்த ஷாம்பெயின். பேச்சு பறிப்பவர்கள் பக்கம் திரும்பியது. ஷாம்பெயின் வட்டாரத்தில் இயந்திர அறுவடைக்கு அனுமதி இல்லை, குலை முழுசாக ஆலைக்கு வந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பறிக்க வருகிறார்கள். 2023 செப்டம்பரின் கடும் வெயிலில் அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். அதே அறுவடையில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பலரை மனிதர் தங்க முடியாத இடத்தில் அடைத்து வேலை வாங்கியதற்காக, 2025இல் ஷாலோன் நீதிமன்றம் மூவரை மனிதக் கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

அந்த அம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. வெயில் ஏறிய நாட்களில் இந்த வீட்டில் விடியுமுன்பே பறிக்கத் தொடங்குகிறார்கள், நண்பகலுக்கு மேல் யாரையும் கொடிக்கு அனுப்புவதில்லை. பறிக்க வந்தவர்கள் இதே மேசையில் உட்கார்ந்து இதே பொத்தேயைச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஊற்றுவதும் விற்பனைக்குப் போகும் அதே ஷாம்பெயின்தான்.