அக்டோபர் கடைசி ஞாயிறு

வெள்ளி

நாளை மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்கு அயர்லாந்தின் கடிகாரங்கள் ஒரு மணிக்குத் திரும்பும். ஒன்றிலிருந்து இரண்டு வரையான நேரம் அன்று இரண்டு முறை வரும். நாங்கள் பராமரிக்கும் முன்பதிவுத் தளம் ஒன்றில் நினைவூட்டல் மின்னஞ்சல்கள் சரியாக ஒன்றரைக்குத்தான் கிளம்பும். அப்படியே விட்டால் எல்லோருக்கும் இரண்டிரண்டாகப் போய்ச் சேரும். அட்டவணையை, கோடை குளிர் மாற்றமில்லாத யூடிசி நேரத்துக்கு மாற்றினேன். டெஸ்ட் சர்வரின் கடிகாரத்தை ஞாயிறுக்குத் தள்ளி ஓடவிட்டேன். ஒரு தடவைதான் போயிற்று. திங்கள் வங்கி விடுமுறை, கூப்பிட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள். ஆகவே இன்றே நேரடித் தளத்தில் ஏற்றிவிட்டேன்.

ஞாயிறு

மின்னஞ்சல்கள் ஒழுங்காகப் போயின. மாலை ஐந்தடிக்கும் முன்பே டப்ளினில் சூரியன் இறங்கிவிட்டது.

இந்த நாட்டின் நேரத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆர்வம் கூடுகிறது. 1880 முதல் 1916 வரை டப்ளினுக்கென்று தனி நேரம் இருந்தது. அது லண்டனின் கிரீனிச் நேரத்துக்கு 25 நிமிடம் 21 நொடி பிந்தியது. பிரிட்டனுக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி நடந்த அதே 1916-இல், அக்டோபர் 1 அன்று, அந்தத் தனி நேரம் போயிற்று. பிறகு 1968-இல் ஆண்டு முழுவதும் கிரீனிச்சுக்கு ஒரு மணி முன்னால் என்று வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் டிசம்பர் கடைசியில் ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் வரும். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. 1971-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்திய விதம்தான் விசேஷம். கோடை நேரத்தையே நாட்டின் நிலையான நேரமாக வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் ஒரு மணி கழித்தார்கள். நேரத்தை மாற்றும் மற்ற நாடுகள் பெரும்பாலும் கோடையில் கூட்டுகின்றன. அயர்லாந்து குளிர்காலத்தில் கழிக்கிறது. சுவரில் தொங்கும் கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு அப்படியில்லை.

கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவில் 2018-இல் இதைச் சட்டத்தில் உள்ளபடியே எழுதினார்கள். கூட்டுவதை மட்டுமே எதிர்பார்த்திருந்த சில நிரல்கள் திணறின. அவற்றுக்காகப் பழைய முறையில் எழுதிய வடிவம் ஒன்றும் உண்டு. அதனால் டப்ளினில் நேரம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் ஒரு கணினி ஜூலையில் ஆம் என்கிறது, இன்னொன்று ஜனவரியில் ஆம் என்கிறது. தரவைத் திருத்தியவர்கள் பக்கம்தான் நான். ஒரு நாடு சட்டம் போட்டு முடிவு செய்ததை, நிரலுக்குத் தோதில்லை என்பதற்காக நாம் மாற்றி எழுதுவது நியாயமில்லை.

திங்கள்

விடுமுறை. நாள் முழுக்க மழை. ஹாலோவீனுக்குச் செய்யும் பார்ம்பிராக் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டேன். உள்ளே வைத்திருக்கும் மோதிரம் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குப் போனது.

செவ்வாய்

அதே தளத்தின் குடும்பப் பதிவு ஃபார்மில் சிக்கல். பிள்ளையின் குடும்பப் பெயர் பெற்றோருடையதோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. அப்பா ஓ சூல்யவான். மகள் நீ ஹூல்யவான். ஐரிஷ் மொழியில் அதுதான் முறை. திருமணமாகி வந்த மனைவி ஈ ஹூல்யவான் என்று எழுதலாம். ஒரே வீட்டில் மூன்று வடிவம், மூன்றும் சரி. தகப்பன் பெயரை இனிஷியலாகப் போட்டு வளர்ந்த நமக்கு இது புரிய நேரமாகாது. ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் எதை நிரப்புவது என்று விழித்தவர்கள்தானே நாம்.

கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஐரிஷ் உயிரெழுத்தின் தலையில் ஃபாதா என்ற சாய்கோடு வந்தால் ஒலி நீளும். அதை விட்டுவிடுவது நம் நெடிலில் துணைக்காலைப் பிடுங்குவது மாதிரி. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அந்த எழுத்துக்கு இரண்டு பைட். எங்கள் தரவுத்தளத்தின் பழைய டேபிள் ஒன்று ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்ததில், ரசீதில் ஒரு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிறுக்கல்கள் அச்சாகியிருந்தன. தன் பெயரை இப்படிப் பார்க்கும் ஒருவர் கோபப்பட்டால் அது முழுக்க நியாயம். அரசு அமைப்புகள் இந்தப் பெயர்களை ஃபாதாவோடு சரியாகப் பதிய வேண்டும் என்று 2021-இன் ஆட்சிமொழிகள் திருத்தச் சட்டமே சொல்கிறது. எங்கள் கிளையன்ட் தனியார்தான். இருந்தாலும் அதே தரத்தில்தான் செய்யப்போகிறேன்.

புதன்

பெயர்ப் பொருத்தம் பார்க்கும் வரிகளை முழுதாக எடுத்துவிட்டேன். பிள்ளையைப் பெற்றோருடன் சேர்க்கப் பதிவு எண் போதும். டேபிளை மாற்றும் வேலைக்கு இரண்டு நாள் கேட்டேன், கொடுத்தார்கள். ஏற்கெனவே சிதைந்து கிடக்கும் பெயர்களை ஸ்கிரிப்ட் வைத்து மீட்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே சேமிப்பேன்.