பெயர் சொல்லி ஏற்றிய விளக்குகள்

சீயமங்கலத்திலிருந்து செஞ்சி வந்து பஸ் மாறி, ஒரு சேசு சபைக் கல்லூரிக்குள் நான் நுழைந்தபோது, வேப்பமரத்தடியில் மாணவர்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஜூலை 5, ஸ்டேன் சுவாமி நினைவு நாள். மேசைமேல் அவர் படம். பக்கத்தில் உறிஞ்சுகுழாய் போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை.

அந்தக் குவளையைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியாதவர், தலோஜா சிறையிலிருந்து மனுப் போட்டுக் கேட்டது இப்படி ஒரு குவளையைத்தான். 2021 ஜூலை 5, மும்பை உயர்நீதிமன்றம் அவருடைய ஜாமீன் மனுவை எடுத்த அன்றே, விசாரணைக் கைதியாகவே இறந்தார். வயது 84.

பேச்சுகள் நீண்டன. பிறகு ஃபாதர் ஒருவர் திரையில் ஒரு கல்லைக் காட்டினார். ராஞ்சி பக்கம் நாம்கும்மில் ஸ்டேன் சுவாமி தொடங்கிய ‘பகய்ச்சா’ வளாகத்தில் நிற்பது. மண்ணுக்காகப் போராடி உயிர்விட்ட ஆதிவாசிகளின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. நமக்கு இது அந்நியமான வழக்கமா என்ன? எங்கள் ஊர்த் தூணாண்டார் கோயிலைக் குடைவித்த மகேந்திரவர்மன் காலத்திலேயே, செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் வெட்டிவைத்தவர்கள் நாம்.

அடுத்து ஒரு மாணவி விளக்கேற்றினாள், பெயர் சொல்லிச் சொல்லி. 1989 நவம்பர் 16 அன்று எல் சல்வடோரில், மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் புகுந்து ராணுவம் சுட்டுக்கொன்ற ஆறு சேசு சபைக் குருக்கள். ஏழைகளின் பக்கம் நின்று பேசியவர்கள். அவர்களோடு, சாட்சி மிஞ்சக்கூடாதென்று கொல்லப்பட்ட சமையல்காரம்மா எல்பா ராமோஸ், அவர் மகள் செலினா. எல்பாவின் கணவர் அந்த இடத்தில் ரோஜாச் செடிகள் நட்டு வளர்த்தாராம். குருக்களுக்கு ஏற்றிய அதே அளவு விளக்கைத்தான் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் ஏற்றினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. சாமியாரை நினைத்துச் சமையல்காரியை மறக்கும் அஞ்சலி பாதி அஞ்சலிதான்.

விசாரணை முடியாமலே சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக ஸ்டேன் சுவாமி உயர்நீதிமன்றம் போனதை ஃபாதர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். இருளர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள்.

“ஃபாதர், எங்க தாத்தாவையும் செய்யாத திருட்டுக்குப் புடிச்சினு போனாங்க. அவரு பேரையும் சொல்லலாமா?”

இந்தப் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் கேட்டால் இப்படி ஒரு கதை இல்லாத தெரு குறைவு. ஃபாதர் இறங்கி வந்து மைக்கை அவனிடமே கொடுத்தார். தாத்தாவின் பெயரை முதலில் சொல்லிவிட்டு, எந்த ஸ்டேஷன், என்ன கேசு, எத்தனை மாசம் உள்ளே இருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.