தரைக்குச் சூடு, அம்மாவுக்கு இடம்

விக்ரோலியில் உட்கார்ந்துகொண்டு தரைக்குச் சூடு வைக்கிற வேலை பார்க்கிறேன் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. "ஏற்கெனவே வேகுது, இதுல தரையையும் காய்ச்சணுமாக்கும்?" என்பார் திருநெல்வேலி மாமா. வேலைதான் இங்கே, வரைபடங்களெல்லாம் இங்கிலாந்துக்குப் போய்விடும். தரைக்கடியில் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் நாற்பது டிகிரி போல வெந்நீர். அவ்வளவுதான் சங்கதி.

போன மாதம் வந்த வரைபடம் ஆபீஸ் வழியாக வரவில்லை. லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கும் அக்கா அனுப்பியது. அம்மா அங்கேயே தங்கப் போகிறாள். மூட்டுவலிக்காரி, ஆனால் அரிவாள்மனையைப் போட்டுத் தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள். மாற்றவா முடியும்?

சமையலறை நாலுக்கு மூன்று மீட்டர், ஆக 12 சதுர மீட்டர். இதில் முழுவதும் குழாய் ஓட்டிவிடலாம் என்று அத்தான் நினைத்திருந்தார். அங்கேதான் சிக்கல். சுவரோடு பொருத்திய கேபினெட்டுக்கு அடியில் குழாய் போட்டால் சூடு வெளியே வர வழியில்லை. வீணாகும். அதோடு உள்ளே வைத்த அரிசி, பருப்பு கதகதப்பாகிவிடும். வண்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! தண்ணீருக்குப் பதில் மின்சாரப் பாய் என்றால் கேபினெட் அடியில் போடவே கூடாது, சூடு தேங்கிப் பாய் கருகிப் போகும். ஃபிரிட்ஜுக்கு அடியிலும் வேண்டாம்.

எல் வடிவில் வரும் கேபினெட்டுகள் 4 சதுர மீட்டரை விழுங்கின. மிச்சம் எட்டு. மனிதர் நடமாடும் இடத்தில் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஈ.என். 1264 என்ற ஐரோப்பிய விதி. அறை 20 டிகிரி என்றால், ஒரு சதுர மீட்டர் தரை அதிகபட்சம் 100 வாட் கொடுக்கும். எட்டுக்கு 800. பழைய வீடு, இரண்டு வெளிச்சுவர், தோட்டத்துக் கதவு எல்லாம் சேர்த்து வெளியேறும் சூட்டைக் கணக்குப் போட்டால் 750 வந்தது. மயிரிழையில் தப்பித்தோம்.

ஆனால் அக்காவுக்கு நடுவில் ஒரு மேடை வேண்டுமாம். பத்திரிகையில் பார்த்தது. அது இன்னும் ஒன்றரை சதுர மீட்டர் தின்னும். 650 வாட்தான் மிஞ்சும். அறை குளிரும். அம்மா உட்காரவும் இடமிருக்காது.

போனில் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன் தம்பி" என்றாள். இதற்கு என்ன ஃபார்முலா வைத்திருக்கிறேன் நான்?

கடைசியில் மேடைக்குப் பதில் கால் வைத்த மரமேசை என்று முடிவானது. அடியில் காற்று போகும், குழாயும் ஓடும். ஜன்னலோரம் அம்மாவுக்கு இடம். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் 54 மீட்டர் குழாய். நூறு மீட்டருக்குள் இருப்பதால் ஒரே சுற்று போதும்.

அத்தானிடம் இரண்டு விஷயம் அழுத்திச் சொன்னேன். காங்கிரீட் பூச்சுப் போடுவதற்கு முன் குழாயில் அழுத்தச் சோதனை செய்து, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாராவது துளை போட்டால் அந்தப் படம்தான் காப்பாற்றும். இன்னொன்று, சிமென்ட் பூச்சு என்றால் 21 நாள் சூடு போடவே கூடாது. அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

குழாய்கள் எல்லாம் கூடிப் பிரிகிற பெட்டி படிக்கட்டுக்கு அடியில் அலமாரிக்குள் வருகிறது. அங்கே எப்போதும் சூடுதான், அரிசி வைக்காதே என்றேன்.

"அப்போ இட்லி மாவு வைக்கலாமா?" என்றாள்.

வரைபடத்தில் ஒரு தட்டு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.